வருஷத்துக்குச் சாமான் வாங்கிப் போட்டால் மிச்சமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டில் நான்கு பேர். இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். வாடகை வீடு, சின்ன அடுப்படி. மளிகைக்கு மட்டும் மாதம் 8,000 ரூபாய் போகிறது. புளி, வத்தல் (காய்ந்த மிளகாய்), பருப்பு, அரிசி எல்லாவற்றையும் வருஷத்துக்கு வாங்கிப் போட்டால் பாதிச் செலவு மிச்சம் என்கிறார் மாமியார். மதுரையில் பெரிய கடையில் ஆஃபர் போடும்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சோப்புத்தூள் எல்லாம் மொத்தமாக எடுத்து வந்துவிடலாம் என்கிறார் கணவர். கையில் போனஸ் பணம் 20,000 ரூபாய் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் 18 வருஷம் கணக்கு எழுதினேன். கல்யாண வீட்டுச் சிட்டை, ஹோட்டல் சிட்டை, ஹாஸ்டல் சிட்டை என்று எத்தனையோ சாமான் பட்டியல் பார்த்தாயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு சில சாமானுக்கு முழு நியாயம் இருக்கிறது. கணவர் சொல்வதில் ஒன்றிரண்டுக்கு இருக்கிறது. மற்றதெல்லாம் மாதாமாதம் வாங்குவதே உங்களுக்கு லாபம். பாதிச் செலவு மிச்சம் என்பது மட்டும் நடக்கவே நடக்காது.

கடையில் இருந்த காலத்தில் வாங்குகிற விலைதான் எனக்கும் பெரிதாகத் தெரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் குறைவு என்றால் உடனே மூட்டையைத் தூக்கத் தோன்றும். ஆனால் கடைக்காரன் மூட்டையை ஒரு வாரத்தில் விற்றுவிடுகிறான், வீட்டில் அது ஆறு மாதம் இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் வண்டு விழும், ஈரம் ஏறும், எண்ணெய் காறும், இருக்கிறதே என்று கை தாராளமாகும். ஒரு சாமான் உங்களுக்கு என்ன விலைக்கு வந்தது என்பது அதன் கடைசிப் பிடியைச் சமைத்து முடிக்கும்போதுதான் தெரியும்.

அதற்கு ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்குப் பருப்பு கிலோ 150 ரூபாய். 10 கிலோவாக எடுத்தால் 10 சதவீதம் குறைத்து 1,350 ரூபாய்க்குத் தருகிறார்கள். அதில் ஒரு கிலோவை வண்டு விழுந்து கொட்டினீர்கள் என்றால் 9 கிலோதான் சமைத்தீர்கள். 1,350ஐ 9ஆல் வகுத்தால் அதே 150 ரூபாய். எத்தனை சதவீதம் குறைத்து வாங்கினீர்களோ அத்தனை சதவீதம் வீணானால் மிச்சம் பூஜ்யம். அதற்கு மேல் வீணானால் கைக்காசு போகிறது. கொட்டியது மட்டும் வீண் இல்லை. மாதம் 3 லிட்டரில் முடிந்த எண்ணெய், வீட்டில் டின் நிற்கிறது என்பதற்காகவே மூன்றரை லிட்டர் ஆனால் அதையும் சேர்க்க வேண்டும். தின்பண்டம், பிஸ்கட், பாத்திரம் கழுவும் சோப்பு, எண்ணெய் இந்த நான்கிலும் இது கட்டாயம் நடக்கும். எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. கடுகு, வெந்தயம், புளி இவற்றில் நடக்காது. யாரும் இருக்கிறதே என்று ரசத்தில் இரண்டு மடங்கு புளி போடுவதில்லை.

அடுத்தது பணத்தின் கணக்கு. மாதம் 200 ரூபாய்க்கு வாங்கும் ஒரு சாமானை ஐந்து மாதத்துக்குச் சேர்த்து 1,000க்குப் பதில் 900க்கு வாங்குகிறீர்கள். இந்த மாதம் எப்படியும் 200 செலவாகியிருக்கும். ஆக, முன்கூட்டிப் போட்டது 700 ரூபாய். அது சராசரியாக இரண்டரை மாதம் முடங்கியதற்கு 100 ரூபாய் கிடைத்திருக்கிறது. எந்த பேங்க் டெபாசிட்டும் இதில் பக்கத்தில்கூட வராது. அதனால் கையில் சும்மா இருக்கும் பணத்தில், வீணாகாத சாமானை, ஐந்தாறு மாதத்துக்கு வாங்குவது மிக நல்ல முதலீடு. ஆனால் அந்தப் பணம் கிரெடிட் கார்டில் நிலுவையாக நின்றாலோ, கை மாற்று வாங்கியதாக இருந்தாலோ, பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணமாக இருந்தாலோ கணக்கு தலைகீழாகிவிடும். கார்டு நிலுவைக்கு வருஷத்துக்கு 36, 40 சதவீதம் வட்டி போடுகிறார்கள். அங்கே புளியில் வந்த மிச்சம் இங்கே வட்டியில் போய்விடும்.

சரி, சாமானுக்கு வருவோம். புளியும் வத்தலும்தான் உங்கள் மாமியார் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லும் இடம்.

புளி மரத்தில் வருஷத்துக்கு ஒரு முறைதான் காய்க்கிறது. மாசியில் உலுக்க ஆரம்பித்தால் சித்திரை வரை புதுப்புளி வரும். அப்போது விலை இறங்கும். பிறகு அது குளிர்பதனக் கிடங்குக்குப் போய்விடும், அந்த வாடகையும் விலையில் ஏறும். கார்த்திகை, மார்கழியில் நீங்கள் வாங்குவது அதே புளியைத்தான். வீட்டில் ஒழுங்காக வைத்தால் இரண்டு வருஷம்கூட ஒன்றும் ஆகாது, நிறம் மட்டும் கறுக்கும். பழைய புளிதான் உடம்புக்கு நல்லது என்று தேடிப்போய் வாங்குகிறவர்களும் உண்டு.

ஆனால் புளியில் எடையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓட்டோடு இருக்கும் புளியில் ஏறக்குறைய 55 சதவீதம்தான் சதை. 34 சதவீதம் கொட்டை, மீதி ஓடும் நாரும். ஓடு நீக்கிய கொட்டைப்புளி என்று எடுத்தால், ஒரு கிலோவில் உங்களுக்குக் கிடைக்கும் சதை 600 கிராமை ஒட்டித்தான் வரும். அப்படியென்றால் கொட்டைப்புளி கிலோ 100 ரூபாய், கொட்டை எடுத்தது 150 ரூபாய் என்று இருந்தால், கொட்டைப்புளி மலிவாகத் தெரிந்தாலும் சதைக்கு 160 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள், அரிவாள்மணையில் உட்கார்ந்து கொட்டை எடுக்கிற வேலை வேறு. விலை கேட்கும்போது 0.6ஆல் வகுத்துப் பாருங்கள், எது மலிவு என்று அங்கேயே தெரிந்துவிடும். மாதம் அரைக் கிலோ செலவென்றால் வருஷத்துக்கு 6 கிலோ. இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, கல் உப்பை இடையிடையே தூவி, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அமுக்கி வையுங்கள். இரும்பு, அலுமினியம் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். எடுக்கும் கை ஈரமாக இருக்கக் கூடாது.

வத்தலும் அதே பருவம்தான். ராமநாதபுரம் முண்டு, சம்பா இரண்டு ரக வத்தலும் மாசி, பங்குனியில் களத்துக்கு வரும். விருதுநகர் மார்க்கெட்டில் புது வத்தல் குவிகிற நேரத்தில் விலையும் பணிகிறது. ஆனால் புது வத்தலில் ஈரம் இருக்கும். 5 கிலோ வாங்கி மூன்று நாள் காயவைத்தால் நாலரைக் கிலோதான் நிற்கும் என்பது சாதாரணம். அந்த அரைக் கிலோ தண்ணீரையும் வத்தல் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதனால் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், விதை சலசலவென்று சத்தம் போட வேண்டும். மடக்கினால் ஒடிய வேண்டும். தோல்போல வளைந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் வாருங்கள். இரண்டு வத்தலைப் பிய்த்து உள்ளேயும் பாருங்கள், சாம்பல் நிறமாகப் பூசணம் படிந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது உடம்புக்கு ஆகாத விஷயம், காயவைத்தாலும் போகாது.

முழு மல்லியும் இந்தப் பருவத்தில் வாங்கலாம். வத்தலும் மல்லியும் முழுசாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கெல்லாம். பொடியாகத் திரித்துவிட்டால் மணம் இறங்க ஆரம்பித்துவிடும். வருஷத்துக்கு வாங்குங்கள், இரண்டு மாதத்துக்கு மட்டும் திரியுங்கள். மில்லில் 5 கிலோவாகத் திரித்துத் தந்தால் கூலி குறைவு என்று சொல்வார்கள். அந்தக் கூலி மிச்சத்துக்காக நாலு மாதம் மணமில்லாத குழம்பு சாப்பிட வேண்டியதில்லை.

அரிசியில் ஒரு விசேஷம் உண்டு. வீட்டில் வைத்திருக்க வைத்திருக்க மதிப்புக் கூடுகிற மளிகைச் சாமான் அரிசி ஒன்றுதான். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் புது அரிசி வரும்போது விலை குறைவு. அந்த அரிசியில் சோறு குழையும், ஒட்டும், அளவும் காணாது. ஆறு மாதம் கழித்து அதே அரிசி கூடத் தண்ணீர் வாங்கி, உதிரியாக, அதிகம் சோறு தரும். கடையில் பழைய அரிசி என்று கூடுதல் விலை வைத்து விற்பது அதற்காகத்தான். நீங்கள் மாதம் ஒரு சிப்பம் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை வீட்டில் வருஷத்துக்கு 12 சிப்பம் அடுக்க இடமும் கிடையாது, எலிக்கும் வழி. இரண்டு சிப்பம் மட்டும் மாசியில் கூடுதலாக எடுத்து வைத்து, ஐப்பசிக்குள் முடித்துவிடுங்கள். அடை மழை காலத்து ஈரத்தில் அரிசி வண்டு வேகமாகப் பெருகும், ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை வந்துவிடும். தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். வேப்பிலையைக் காயவைத்துப் போடுவது, வத்தல் போடுவது எல்லாம் ஓரளவு உதவும். அதைவிட முக்கியம் மூடி இறுக்கமாக இருப்பது. வண்டு வந்துவிட்டால் அரிசியை உச்சி வெயிலில் கொட்டாதீர்கள், விரிசல் விட்டு நொய்யாகிவிடும். நிழலில் பரப்பிப் புடைத்தால் போதும்.

அரிசி விலையை ஒப்பிடும்போது சிப்பத்தின் எடையைப் படியுங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கு அது கிடையாது. அதனால்தான் நம் ஊர் ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது சிப்பத்தின் விலையைப் பார்த்தால் 26 கூடுதலாகத் தெரியும், கிலோவுக்கு வகுத்தால் பெரும்பாலும் அதுதான் குறைவாக இருக்கும். இதே காரணத்தால், லேபிள் இல்லாமல் மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் பருப்புக்கும் அந்த 5 சதவீதம் கிடையாது. மொத்தக் கடையில் பருப்பு மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பருப்பில் நான் உங்கள் மாமியாரோடு ஒத்துப்போக மாட்டேன். அவர் காலத்தில் துவரையைக் காட்டிலிருந்து கொண்டுவந்து, செம்மண் கட்டிக் காயவைத்து, வீட்டிலேயே உடைத்து, விளக்கெண்ணெய் தடவி வைத்தார்கள். முற்றம் இருந்தது, வெயில் இருந்தது, வேலை செய்ய ஆளும் இருந்தது. உங்களுக்கு அடுப்படியில் இரண்டு தட்டுத்தான் இருக்கிறது. தவிர, பருப்பு வீட்டில் கிடக்கக் கிடக்க வேகும் நேரம் கூடும். ஒரு வருஷத்துத் துவரம் பருப்பு குக்கரில் நாலு விசிலுக்குப் பதில் ஏழு விசில் கேட்டால், கிலோவில் மிச்சமான பணம் கேஸில் போகிறது. உளுந்தில் இன்னும் மோசம். புது உளுந்து அரைத்தால் உபரி காணும், மாவு பொங்கி நிற்கும். பழைய உளுந்து அவ்வளவு காணாது. ஒரு தம்ளர் போட்ட இடத்தில் ஒன்றேகால் தம்ளர் போட வேண்டி வந்தால், அதுவே 25 சதவீத நட்டம். எந்த மொத்தக் கடையும் உளுந்தில் அவ்வளவு குறைத்துத் தராது. உளுந்தை மாதத்துக்கு மேல் வாங்க வேண்டாம், துவரம் பருப்பு அதிகபட்சம் மூன்று மாதம்.

பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை போன்ற முழுப் பயறுகள் உடைத்த பருப்பைவிடச் சீக்கிரம் வண்டு விழும். முட்டை பல நேரம் காட்டிலிருந்தோ கிடங்கிலிருந்தோ கூடவே வந்துவிடுகிறது. ஒரு வருஷம் நல்ல விலைக்குக் கிடைத்ததென்று 10 கிலோ பாசிப்பயறு எடுத்து வந்தேன். இரண்டு மாதத்தில் டப்பாவைத் திறந்தால் ஒவ்வொரு பயறிலும் ஓட்டை. பாதியைக் கோழிக்குப் போட்டோம். ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் இருந்தால், வாங்கி வந்ததும் நான்கு நாள் உள்ளே வைத்து, வெளியே எடுத்து ஈரம் போக ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள், முட்டை செத்துவிடும். ஃப்ரீசரில் இடம் எவ்வளவோ அவ்வளவு வாங்கினால் போதும்.

பருப்பு விலையைக் கேட்கும்போது ரகத்தையும் கேளுங்கள். நயம், இரண்டாம் ரகம் என்று இருக்கும். மொத்தக் கடையில் குறைவு என்று நினைத்து வருகிறவர்கள் பல நேரம் இரண்டாம் ரகத்தின் விலையைத்தான் தெருக்கடை நயத்தின் விலையோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டையும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பருப்பும் எண்ணெயும் எவ்வளவு வேண்டும் என்று எழுதுவதற்கு முன் ரேஷனைக் கழித்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் அரிசி கார்டுக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். மாதாமாதம் தவறாமல் வாங்கினால் இந்த விலையை எந்த மொத்தக் கடையும் தொட முடியாது. பொரிப்பதற்குப் பாமாயில், பாதிச் சாம்பாருக்கு ரேஷன் பருப்பு என்று வைத்தால் வெளியில் வாங்குவது கணிசமாகக் குறையும். மொத்தமாக வாங்குவதைப் பற்றி மணிக்கணக்கில் யோசிக்கிற பல வீடுகளில் ரேஷன் பருப்பை வாங்காமல் விடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

எண்ணெய்க்கு வருகிறேன், உங்கள் கணவர் அதைத்தான் முதலில் எழுதச் சொன்னார் போலிருக்கிறது. டின்னில் 15 கிலோ, 15 லிட்டர் என்று இரண்டும் உண்டு. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான். 15 லிட்டர் டின்னில் சுமார் 13.65 கிலோ எண்ணெய் இருக்கும். 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் இருக்கும். வித்தியாசம் கிட்டத்தட்ட 10 சதவீதம். டின்னை லிட்டர் பாக்கெட்டோடு ஒப்பிடும்போது இதை மறந்தால் மிச்சமும் நட்டமும் இடம் மாறிவிடும். பாக்கெட்டில்கூட, சில கம்பெனிகள் அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு அளவு போட்டதால் உள்ளே எடை குறைவாக இருந்தது. எண்ணெய் சூடானால் விரியும் அல்லவா? அதனால்தான் 2022இல் மத்திய அரசு, வெப்பநிலை போடாமல் அளவும் கூடவே எடையும் அச்சிடச் சொன்னது. ஆகவே எண்ணெயை எப்போதும் கிராமில் ஒப்பிடுங்கள்.

அப்புறம், டின்னைத் திறந்த நாளிலிருந்து எண்ணெய்க்குக் காற்று படுகிறது. நீங்கள் மாதம் 3 லிட்டர் என்றால் 15 கிலோ டின் ஐந்து மாதத்துக்கு மேல் ஓடும். அடுப்புக்குப் பக்கத்தில், வெக்கையில் இருக்கும் டின்னில் கடலெண்ணெய், அதுவும் செக்கில் ஆட்டியது, இரண்டு மூன்று மாதத்திலேயே காறல் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். நல்லெண்ணெய் மட்டும் இயல்பாகவே கூடுதல் நாள் தாங்கும். டின் வாங்கினால் நீங்கள், தங்கை வீடு, பக்கத்து வீடு என்று மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்க ஆள் இல்லையென்றால் 5 லிட்டர் கேனுக்கு மேல் போகாதீர்கள். இந்தப் பங்கு போடுகிற வழி எல்லாச் சாமானுக்கும் பொருந்தும். நான்கு பேர் வீட்டுக்கு மூட்டை பெரிது, மூன்று வீட்டுக்கு அது ஒரு மாதச் சரக்கு. எங்கள் கடையில் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே சிட்டையாகக் கொண்டுவருவார்கள். முதலாளி அவர்களுக்கு ஹோட்டல் விலைதான் போடுவார்.

பல்லாரி வெங்காயத்தை மொத்தமாக வாங்கலாமா என்பது மாதத்தைப் பொறுத்தது. பங்குனி முதல் வைகாசி வரை வருகிற கோடை அறுவடை வெங்காயம் தோல் காய்ந்து கெட்டியாக இருக்கும், இருப்பு வைக்கத் தாங்கும். மழைக்காலத்தில் அறுத்து வருவது தண்ணிக் காய், பத்து நாளில் சொதசொதவென்று ஆகும். ஐப்பசியில் திடீரென்று விலை இறங்கிவிட்டது என்று 10 கிலோ வாங்கினால் அழுகலையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். கோடையில் வாங்கினாலும் ஒன்றரை மாதத்துக்கு மட்டும். காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள், உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள்.

சோப்பு, ஷாம்பு ஆஃபர்களில் பெரிய பாக்கெட்டென்றால் மலிவு என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஷாம்பு சாஷேயை நம் நாட்டில் பரப்பியதில் கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றிலிருந்து போட்டி எல்லாம் அந்தச் சின்னப் பாக்கெட்டில்தான் நடக்கிறது. அதனால் இன்றும் பல ஷாம்புகளில் மில்லிக்கு மில்லி பாட்டிலைவிடச் சாஷே குறைவு. தவிர, பாட்டிலில் கை தாராளமாகும், சாஷேயில் ஒன்றோடு நிற்கும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பிஸ்கட்டும் பல நேரம் அப்படித்தான், பெரிய பாக்கெட்டைவிடக் கிராமுக்கு மலிவாக இருக்கும். இப்போது பாக்கெட்டிலேயே ஒரு கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது விதி. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கும், கூடியதில் கிலோவுக்கும் போட்டிருப்பார்கள். 900 கிராமையும் ஒன்றரைக் கிலோவையும் ஒப்பிடும்போது கிராம் விலையை 1,000ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அது எம்ஆர்பியை வைத்துப் போட்ட விலை. கடை கொடுக்கும் தள்ளுபடியை நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

குளிக்கும் சோப்பு மட்டும் தாராளமாக வாங்கலாம். வீணாகாது, காற்றில் காயக் காயக் கெட்டியாகிக் கூடுதல் நாள் உழைக்கும். அதையும் நான் ஆறு மாதத்துக்கு மேல் வாங்கச் சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதற்கு முந்தின மாதம் வருஷத்துக்கு வாங்கி அடுக்கியவர்கள் பழைய வரியையும் சேர்த்துக் கட்டியவர்கள். விலை ஏறும் என்று மட்டும் நினைத்து இருப்பு வைக்கக் கூடாது, இறங்கவும் செய்யும். சோப்புத்தூள் மழைக்காலத்தில் கட்டி தட்டும், அதனால் இரண்டு மாதத்துக்குப் போதும்.

கோதுமை மாவு, ரவை, கம்பு மாவு, சேமியா, பொட்டுக்கடலை இவற்றை மொத்தமாக வாங்கவே வேண்டாம். கம்பு மாவு சில வாரத்திலேயே கசந்துவிடும். கைக்குத்தல் அரிசியும் அப்படித்தான், தவிட்டில் எண்ணெய் இருப்பதால் வெள்ளை அரிசிபோல நாள் தாங்காது. கடுகு, சீரகம், மிளகு வருஷம் தாங்கும், ஆனால் அதில் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? மாதம் 100 கிராம் கடுகில் 20 சதவீதம் குறைத்தாலும் டீக்காசுகூட வராது. மிளகு மட்டும் விலை கூடிய சரக்கு என்பதால் வருஷத்துக்கு ஒரு கிலோ எடுக்கலாம்.

மதுரைக்கு வந்து போகும் செலவையும் எழுதுங்கள். பஸ், சாமானோடு திரும்ப ஆட்டோ, ஒரு மதியச் சாப்பாடு என்று 400 ரூபாய் ஆனால், 4,000 ரூபாய்ச் சாமானில் 10 சதவீத மிச்சம் வழியிலேயே போயிற்று. வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியில் ஒரு தடவை, தீபாவளிக்கு முன் ஒரு தடவை வந்தால் போதும். மற்ற மாதங்களில் உங்கள் தெருக்கடையிலேயே சில்லறையாக வாங்காமல், மாதச் சிட்டையாக எழுதிக் கொடுத்துக் கையில் பணம் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். தினம் கடனுக்கு வாங்குகிறவருக்குப் போடும் விலையைக் கடைக்காரர் உங்களுக்குப் போட மாட்டார்.

20,000 ரூபாயில் என்ன செய்யலாம் என்றால், கொட்டை எடுத்த புளி 6 கிலோ, வத்தல் 3 கிலோ, மல்லி 4 கிலோ, அரிசி இரண்டு சிப்பம், மிளகு ஒரு கிலோ, குளிக்கும் சோப்பு ஆறு மாதத்துக்கு. இதெல்லாம் சேர்ந்தே பாதிப் பணம் ஆகாது. மூடி இறுக்கமான எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் இதில் சேருங்கள், இல்லாத மிச்சத்தைக் கணக்கில் காட்ட வேண்டாம். மீதியை பேங்கில் போடுங்கள். வருஷக் கடைசியில் மாத மளிகையில் 400, 500 ரூபாய் குறைந்திருந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பங்குனி வருவதற்குள் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிக்கும்போது தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள், தீரும் அன்றைக்கும் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் எது எவ்வளவு நாள் வருகிறது என்று தெரிந்துவிடும், மேலே நான் போட்ட அளவுகளை அதன்படி மாற்றிக்கொள்ளலாம். பங்குனியில் மதுரைக்கு வரும்போது மாமியாரையும் கூட்டி வாருங்கள். வத்தலைக் குலுக்கிப் பார்த்து ஈரம் சொல்வதும், புளியைக் கிள்ளிப் பார்த்துப் புதுசா பழசா என்று சொல்வதும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.